கண்ணாடிக்குள் வைக்கத் தக்கது

வெறும் புட்டியொன்றை விளக்காக்கி மேஜைமேல் வைத்துக்கொள்ளும் கைவேலை நம் வீடுகளில் இப்போது பரவிவருகிறது. பழைய சாமான் கடையில் கிடைக்கும் ஒரு கண்ணாடிப் புட்டி, மெல்லிய செப்புக் கம்பியில் கோத்த எல்.இ.டி. விளக்குச் சரம், அதை எரியச் செய்யப் பொத்தான் அளவிலான சில மின்கலங்கள், இவ்வளவே அதற்கு வேண்டிய மூலதனம். ஆயினும், புட்டியைக் கழுவி வெயிலில் காயவைத்து, சரத்தையும் எரித்துப் பார்த்துத் திருப்தியடைந்த பிறகு, இதனுள்ளே எதை இட்டு நிரப்புவது என்ற கேள்வி எழும்போது, அதுவரை சுறுசுறுப்பாக இயங்கிய கை சற்றே தயங்கி நின்றுவிடுகிறது. அந்தத் தயக்கம் மதிப்புடையது. ஒரு பொருளைக் கண்ணாடிக்குள் வைத்து, அதன்மேல் விளக்கேற்றி, வருகிறவர்கள் கண்ணில் படும்படி நிறுத்துவது, இது பார்க்கத் தக்கது என்று நாம் சொல்லும் சாட்சியம். சாட்சியம் சொல்லுமுன் யோசிப்பது விவேகம். அதிலும் பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்தில் வாழ்கிறவர்களுக்கு இந்த யோசனை ஒரு தனிக் கனத்தோடு வருகிறது. கடையில் விலைகொடுத்து வாங்கும் எந்த அலங்காரப் பொருளையும் தோற்கடிக்கும் அழகும் பழமையும் உடையவை அவர்கள் காலடி மண்ணிலேயே கிடப்பதுதான் அதற்குக் காரணம்.

புட்டி விளக்கு நமக்குப் புதிதன்று. மின்சாரம் கிராமங்களை எட்டாத காலத்தில், மருந்துப் புட்டியின் அல்லது மைப்புட்டியின் தகர மூடியில் ஆணியால் துளையிட்டு, பழந்துணியைத் திரித்துச் செருகி, மண்ணெண்ணெய் ஊற்றி எரித்த சிமினி விளக்கின் மங்கிய ஒளியில்தான் எத்தனையோ பேர் எழுத்துக் கற்றார்கள். அடுப்படியில் சோறு பொங்கியதும், தொழுவத்தில் கன்று ஈனும் பசுவுக்குக் காவலிருந்ததும் அதே வெளிச்சத்தில்தான். அந்த விளக்கில் புட்டிக்குள் என்ன இருக்கவேண்டும் என்று எவரும் ஆலோசித்ததில்லை. உள்ளே இருந்ததுதான் எரிந்தது; அது குறையக் குறைய வெளிச்சத்தின் ஆயுளும் குறைந்தது. இன்றைய புட்டி விளக்கிலோ எரிவது ஒன்று, உள்ளே இருப்பது மற்றொன்று. எண்ணெய் இருந்த இடம் காலியாகி, அந்த இடத்தை நம் ரசனைக்கு விட்டுவிட்டது மின்சாரம். அவசியம் விலகிச் சென்ற இடத்தில் அலங்காரம் வந்து அமரும்போது, எதை வைத்தாலும் ஒன்றே என்ற எண்ணமும் கூடவே வந்துவிடக்கூடும். அவ்வாறு அன்று என்பதை ஒளியின் ஸ்வபாவமே முதலில் நமக்குக் கற்பிக்கிறது.

ஒளி ஊடுருவாத பொருளை, கூழாங்கல்லையோ மரத்துண்டையோ, புட்டியின் வாய்வரை நிரப்பி அதன் நடுவே விளக்குச் சரத்தைப் புதைத்தால், வெளிச்சம் உள்ளேயே அடைபட்டுப்போகும். வெளியிலிருந்து பார்க்கிறவனுக்குக் கண்ணாடியை ஒட்டிய ஒரே ஓர் அடுக்குத்தான் தென்படும், அதுவும் இருண்டு தென்படும். அத்தகைய பொருளுக்குச் சரத்தைக் கண்ணாடிச் சுவரை ஒட்டிச் சுற்றவேண்டும், அல்லது அடுக்குக்கு அடுக்கு இடையே படரவிடவேண்டும். ஒளி ஊடுருவும் கண்ணாடிக் கோலியோ வளையல் துண்டோ ஆனால், ஒவ்வொரு துண்டின் விளிம்பிலும் ஒளி வளைந்தும் திரும்பியும் சென்று, ஒரு சுடர் பல சுடராகப் பெருகிக் காட்டும். உருண்டைப் பொருள்கள் ஒரே அளவினவாக இருந்தால், எவ்வளவு நெருக்கிக் கொட்டினாலும் கொள்ளளவில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலாகவே வெற்றிடம் எஞ்சும். அந்த வெற்றிடத்தின் வழியேதான் வெளிச்சம் நடமாடுகிறது. பெரியதும் சிறியதும் கலந்து இட்டால் சிறியவை பெரியவற்றின் சந்துகளில் புகுந்து வழியை அடைத்துவிடும். ஆகவே புட்டியை நிரப்புகிறவன் பொருளைத் தேர்ந்தெடுக்கும்போதே வெறுமையையும் சேர்த்துத் தேர்ந்தெடுக்கிறான். எவ்வளவு இடுவது என்பதைப்போலவே எவ்வளவு விடுவது என்பதும் இந்தக் கலையின் பாகம்.

இனி நம் மண்ணுக்கு வருவோம். ஏறத்தாழ 11 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி, இடையிடையே பின்வாங்கியும் முன்னேறியும், 6 கோடி ஆண்டுகளுக்கு முன்புவரை, இந்த இரு மாவட்டங்களின் பெரும்பகுதியும் கடலின் கீழோ கடலின் ஓரத்திலோ இருந்தன. இன்று சோளத்தட்டை சலசலக்கும் கொல்லைகளின் அடியிலும், பருத்திக்காட்டு வரப்புகளிலும், மழைநீர் அறுத்த ஓடைக்கரைகளிலும் அந்தச் சமுத்திரத்தின் ஜீவராசிகள் கல்லுருவில் கிடக்கின்றன. ஆட்டுக்கொம்புபோலச் சுருண்ட அம்மோனைட்டுகள், கணவாயின் பழைய உறவினங்களான பெலம்னைட்டுகள் விட்டுச்சென்ற விரல்போன்ற கற்கள், கடல் முள்ளெலிகள், தடித்த ஓட்டுச் சிப்பிகள் என அவற்றின் வகைகள் பல. காரை கிராமத்தை அடுத்து, மழையும் காற்றும் குடைந்து குடைந்து மரஞ்செடியின்றி வரிவரியாக விட்டுச்சென்ற செந்நிற மேடுகளில் நின்று பார்க்கிறவன், கால் வைக்கும் இடமெல்லாம் ஒரு பழைய கடலடி என்பதை உணர்கிறான். அந்தக் களிமண்ணினூடே ஜிப்சம் பாளம் பாளமாகவும் நார் நாராகவும் ஓடுகிறது. மெல்லிய பாளத்தை வெயிலுக்கு நேரே பிடித்தால் வெளிச்சம் கசிந்து வருவதைக் காணலாம். ஆலத்தூர் வட்டத்துச் சாத்தனூரிலோ, கடலுக்குள் அடித்துவரப்பட்டுப் புதைந்த ஒரு மரம் 18 மீட்டர் நீளத்துக்கு அப்படியே கல்லாகிப் படுத்திருக்கிறது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த எம்.எஸ். கிருஷ்ணன் 1940இல் அதை உலகுக்கு அறிவித்தார். இப்போது அது தேசியப் புவியியல் சின்னமாகக் காக்கப்படுகிறது.

இத்தனை செல்வத்தின் நடுவே வாழ்கிறவனுக்கு, ஒரு கைப்பிடிச் சிப்பியை அள்ளிப் புட்டிக்குள் இட்டு, 7 கோடி ஆண்டுப் பழைய கடலை மேஜைமேல் ஒளிரவைத்தால் என்ன என்ற ஆசை எழுவது இயற்கை. அந்த ஆசையை நான் இழிவாகக் கருதவில்லை. அழகானதை அருகில் வைத்துக்கொள்ள விரும்புவதும், தன் ஊரின் பெருமையைத் தன் வீட்டில் காட்ட விரும்புவதும் நல்ல மனத்தின் இலட்சணங்களே. மேலும், கடலுயிரின் கல்லுருவைப் பூஜையறையில் வைத்து வணங்கும் மரபு நமக்கு உண்டு. கண்டகி நதியில் கிடைக்கும் சாளக்கிராமம், அம்மோனைட்டைத் தன் வயிற்றில் தாங்கிய கல்லே. அருகிலுள்ள கருடமங்கலத்தில் சிப்பிகள் செறிந்த சுண்ணாம்புக் கல்லை வெட்டி மெருகிட்டு, திருச்சிராப்பள்ளிச் சலவைக்கல் என்ற பெயரில் அலங்காரத்துக்குப் பயன்படுத்திய காலமும் இருந்தது. ஆகவே ஆசைக்கு முன்னுதாரணங்கள் இல்லாமல் இல்லை. இருந்தும், அந்தச் சிப்பியை எடுக்க நீளும் கையை மடக்கிக்கொள்ளவேண்டும் என்றே நான் கருதுகிறேன். ஏன் என்பதைச் சற்று விரித்துச் சொல்லவேண்டியது என் கடமை.

ஒரு சிப்பியின் விசேஷம் அதன் வடிவத்தில் மட்டும் அடங்கியதன்று. அது எந்தப் படிவத்தில், எவற்றுக்கு மேலே, எவற்றுக்குக் கீழே, எவற்றோடு சேர்ந்து கிடந்தது என்பதில்தான் அதன் சரித்திரம் முழுவதும் இருக்கிறது. 1840களில் கே, கன்லிஃப் என்ற இரு ஆங்கிலேயர் இப்பகுதியில் சேகரித்து அனுப்பியவற்றை எட்வர்டு ஃபோர்ப்ஸ் ஆராய்ந்து 1846இல் வெளியிட்டபோது, இங்கே ஒரு பெருங்கடல் இருந்தது என்பது அறிஞர் உலகுக்குத் தெரியவந்தது. ஆனால் அந்தக் கடலின் வரலாற்றை அத்தியாயம் அத்தியாயமாகப் பிரிக்க முடிந்தது, ஹென்றி பிளான்ஃபோர்டு இந்த நிலப்பரப்பை ஓடை ஓடையாக நடந்து அளந்து, எந்த உயிர் எந்த அடுக்கில் கிடக்கிறது என்று குறித்த பிறகுதான். 1862இல் வெளிவந்த அவருடைய ஆய்வில் ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாக இந்தப் பாறைகள் வகுக்கப்பட்டன. அந்தப் பெயர்கள் இன்றும் உலகப் புவியியல் நூல்களில் வழங்குகின்றன. அவருக்குப்பின், மொராவியாவிலிருந்து வந்து இந்நாட்டுப் புவியியல் துறையில் பணியாற்றிய ஃபெர்டினாண்டு ஸ்டாலிச்கா, தென்னிந்தியாவின் இந்தக் கடலுயிர்களை வகை வகையாக விவரித்துப் பெரிய நூல்தொகுதிகளாக எழுதினார். அப்பணி 1873வரை நீண்டது. எங்கோ ஐரோப்பாவில் பிறந்தவர்கள் நம்முடைய சிற்றூர்ப் பெயர்களைத் தம் ஆயுட்காலப் பணியில் பொறித்து வைத்தது, இங்குள்ள சிப்பிகள் தத்தம் இடத்திலேயே இருந்து அவர்களுக்கு விடைசொன்னமையால்தான். இடம்பெயர்ந்த சிப்பி ஒரு நூலிலிருந்து கிழித்தெடுத்த ஏடு. எழுத்து அழகாயிருக்கும், கதை தெரியாது.

சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் வெடிவைத்துப் பாறை பாறையாகப் பெயர்த்தெடுக்கும்போது, ஒரு கைப்பிடியில் என்ன குடிமுழுகிப்போகும் என்று கேட்கிறவர்கள் உண்டு. கேள்வி நியாயமானதே. கல்லங்குறிச்சிப் பக்கத்துச் சுண்ணாம்புக் கல் பெரும்பாலும் சிப்பிகளின் திரட்சிதான். ஆறேழு கோடி ஆண்டுகளுக்குமுன் அடுக்கடுக்காக வாழ்ந்து மடிந்த அவற்றின் ஓடுகளைக் களிமண்ணோடு சேர்த்து ஏறத்தாழ 1450 பாகை வெப்பத்தில் சுட்டே சிமெண்டு உண்டாக்குகிறார்கள். அரியலூரைச் சுற்றிலும் அரசுடையதும் தனியாருடையதுமாக ஆலைகள் எழுந்தது அந்தக் கல்லை நம்பித்தான். எத்தனையோ குடும்பங்கள் அந்த உழைப்பில் வாழ்கின்றன, எத்தனையோ ஊர்களின் கூரைகள் அந்தச் சிமெண்டில் நிற்கின்றன. அவ்வளவு பெரிய அளவில் தோண்டுவதன் நியாயாநியாயங்கள் தனியே விசாரிக்கவேண்டியவை. தோண்டுமுன் ஆராயவும், அரியவற்றை ஒதுக்கிக் காக்கவும் வேண்டும் என்று வற்புறுத்துவது நம் எல்லோருடைய கடமை. ஆனால் ஒரு பெரிய இழப்பு நடந்துகொண்டிருக்கிறது என்பது சிறிய இழப்புக்கு அனுமதிச் சீட்டாகாது. காரையின் மேடுகள் சுரங்கமல்ல. அங்கே ஒவ்வொரு மழையும் சில உருவங்களை மட்டுமே கழுவி வெளியே காட்டுகிறது. வருகிறவர் ஒவ்வொருவரும் ஆளுக்கொன்றாகப் பொறுக்கிச் சென்றால், அடுத்து வரும் பள்ளிப் பிள்ளைக்கு அந்த மேடு வெறும் செம்மண்ணாகவே காட்சி தரும்.

அந்தப் பிள்ளைக்காகவே அரியலூர் மாவட்டத்து வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் அமைக்கப்பட்டிருக்கிறது. 2020இல் குன்னத்தில் உருண்டைக் கற்கள் வெளிப்பட்டபோது, டைனோசர் முட்டைகள் கிடைத்துவிட்டன என்று செய்தி பரவி, ஊர் ஊராகச் சனங்கள் பார்க்கத் திரண்டார்கள். அவை முட்டைகளல்ல, கடலடிப் படிவுகள் திரண்டு உருண்டவை என்று வல்லுநர்கள் விளக்கினார்கள். எனக்கு அச்செய்தியில் மகிழ்ச்சி தந்தது, தம் மண்ணில் ஏதோ மகத்தானது இருக்கிறது என்று சாமான்ய சனங்களின் மனம் நம்பத் தயாராயிருந்தது என்பதே. அந்த நம்பிக்கை இருக்குமிடத்தில் காக்கும் எண்ணமும் வளரும். இத்தகைய இடங்களையும் பொருள்களையும் காப்பதற்காக மத்திய சுரங்க அமைச்சகம் 2022இல் ஒரு வரைவு மசோதாவை வெளியிட்டது. சட்டம் எப்போது வந்தாலும் வரட்டும். அதற்குமுன்பே நம் கை ஒரு சட்டத்தை ஏற்றுக்கொள்ளலாம்.

தொலைவிலுள்ளதைக் கொண்டுவந்து கலத்தில் வைப்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் இதே அரியலூர் மாவட்டத்தில் நிற்கும் கங்கைகொண்ட சோழபுரம் என்னைக் கண்டிக்கும். வடதிசையில் வென்று மீண்ட இராஜேந்திர சோழன், தோற்ற மன்னர்களைக் கொண்டு கங்கை நீரைக் குடங்களில் சுமந்துவரச் செய்து, தன் புதிய தலைநகரத்தின் ஏரியில் சேர்த்ததையும், அந்த ஏரியை நீரால் எழுப்பிய வெற்றித்தூணாகக் கொண்டதையும் திருவாலங்காட்டுச் செப்பேடுகள் தெரிவிக்கின்றன. சோழகங்கம் என்ற அந்த ஏரி, பொன்னேரி என்ற பெயருடன் இன்றும் இருக்கிறது. ஒரு கலத்துள் இட்ட பொருள் அந்தக் கலத்துக்கும் ஊருக்கும் அரசனுக்கும் பெயரையே மாற்றித் தந்த சம்பவம் அது. ஆனால் அங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். எத்தனை குடம் மொண்டாலும் கங்கை குறைவதில்லை. மொண்ட இடம் அடுத்த கணமே நிறைந்துவிடுகிறது. சிப்பி எடுத்த குழி அவ்வாறு நிறைவதன்று. எடுத்தால் நிறையும் பொருள், எடுத்தால் நிறையாத பொருள் என்ற இந்தப் பாகுபாடே அலங்காரத்துக்கு வேண்டிய தர்மம் முழுவதையும் தனக்குள் அடக்கியிருக்கிறது.

எடுத்தால் நிறையும் பொருள்களுக்கு இங்கே குறைவா? பெரம்பலூர் மாவட்டம் மக்காச்சோளத்துக்கும் பருத்திக்கும் பெயர்பெற்றது. பொன்னிறச் சோளமணிகளை நன்றாக வெயிலில் காயவைத்து, ஒரு விரற்கடை உயரத்துக்கு அடியில் இட்டு, அதன்மேல் சரத்தைச் சுருளாகப் படுக்கவைத்தால், மஞ்சள் வெளிச்சத்தில் ஒவ்வொரு மணியும் புதிதாக உரித்ததுபோல மினுங்கும். காயாத தானியத்தை மூடிய புட்டிக்குள் இட்டால் உள்ளே ஈரம் கோத்துக் கண்ணாடி மங்கும், வண்டும் வைக்கும். ஆகவே காய்ச்சல் முக்கியம், வாயைச் சற்றே திறந்துவைப்பதும் நல்லது. வெடித்த பருத்தியை ஓட்டோடு சேர்த்து இரண்டு மூன்று மட்டும் வைத்தால் போதும். வெளிச்சத்தைத் தன்னுள் வாங்கி மேகம்போலப் பரப்புவதில் அதற்கு நிகர் வேறில்லை. ஆனால் பருத்தி எளிதில் தீப்பற்றும். சூடேறும் பழைய சீரியல் பல்புகளை அதனருகே விடலாகாது, மின்கலத்தில் எரியும் எல்.இ.டி. சரத்தையே பயன்படுத்தவேண்டும்.

அரும்பாவூர் மரச்சிற்பங்களுக்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பச்சைமலை அடிவாரத்து அந்த ஊரின் பட்டறைகளில் தெய்வ உருவங்கள் பிறக்கும்போது, உளி சீவித் தள்ளும் மரச்சுருள்கள் தரையில் குவிகின்றன. வாகையினதும் வேம்பினதுமான அந்தச் சுருள்களை, கேட்டு வாங்கிவந்து புட்டிக்குள் தளர்வாக விட்டால், வெளிச்சம் அவற்றின் மெல்லிய விளிம்புகளில் ஊடுருவி இரேகைகளைக் காட்டும். ஒரு சிற்பியின் உளி எவ்விடத்தில் அழுத்தி எவ்விடத்தில் தளர்ந்தது என்பது அந்தச் சுருளில் பதிந்திருக்கிறது. சிற்பம் கோயிலுக்குப் போகட்டும். அதன் மிச்சத்துக்கு ஒரு வீட்டில் மரியாதை கிடைக்கட்டும். பஞ்சுக்குச் சொன்ன எச்சரிக்கை இதற்கும் பொருந்தும்.

எல்லாவற்றிலும் எனக்கு உகந்தது உடைந்த கண்ணாடி வளையல். திருவிழாக் கடையில் வாங்கியதும், வளைகாப்புக்கு அடுக்கியதும், கைதவறி உடைந்ததுமான பச்சை, சிவப்பு, நீலத் துண்டுகள் எந்த வீட்டுப் பரண்மேலும் ஒரு டப்பாவில் கிடக்கும். வளைந்த துண்டுகளாதலால் அவை ஒன்றன்மேல் ஒன்று படியாமல் இடம்விட்டே நிற்கும். ஆகவே அவற்றினூடே ஒளிக்குத் தடையில்லை. கண்ணாடிக்குள் கண்ணாடி என்பதால் ஈரமும் பூச்சியும் அணுகா. அவ்வாறே கோலிக்குண்டுகளும் தகும். 1872இல் ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர் உரிமை பெற்ற முறையில், கழுத்தில் ஒரு கோலி அடைத்த சோடாப் புட்டி நம் கடைத்தெருக்களில் பல காலம் ஆட்சி செய்தது. அந்தப் பழைய புட்டி கிடைத்தவர்கள், பிறவியிலேயே தனக்குரிய அணியைக் கழுத்தில் தாங்கிவந்த அதை வேறு எதனாலும் நிரப்பாமல் விட்டுவிடுவதே நலம். குன்றிமணி கண்ணைக் கவரும். ஆனால் அதன் பருப்பு கொடிய விஷம். குழந்தைகள் நடமாடும் வீட்டில் அதை விலக்கி, அதைப்போன்றே சிவந்த மஞ்சாடி விதைகளை இடலாம்.

கடலை வீட்டுக்குள் வைத்துக்கொள்ளவேண்டும் என்ற அந்த முதல் ஆசைக்கு இனி ஒரு பதில் சொல்லியாகவேண்டும். கண்ணாடி என்பது மணலும் சோடா உப்பும் சுண்ணாம்புக் கல்லும் சேர்ந்து உருகி உறைந்த பொருள். சுண்ணாம்புக் கல்லோ பெரும்பாலும் ஏதோ ஒரு பழைய சமுத்திரத்தில் வாழ்ந்த உயிர்களின் ஓடும் கூடும்தான். விளக்கு நிற்கும் மேஜைக்குப் பின்னாலுள்ள சுவரின் சிமெண்டும் அப்படியே. புட்டி வெறுமையாயிருந்தபோதே அதில் ஒரு கடல் இருந்தது, சுவரிலும் இருந்தது. அதை அறிந்தவனுக்கு மேலும் ஒரு சிப்பியைப் பொறுக்கிவர அவசியமில்லை. அறியாதவனுக்கோ, புட்டி நிறையச் சிப்பியை இட்டாலும் கடல் தென்படப்போவதில்லை. அவன் செய்யவேண்டியது ஒருநாள் காரை மேட்டுக்கும் சாத்தனூருக்கும் குழந்தைகளை அழைத்துக்கொண்டு போய், குனிந்து பார்த்து, தொட்டுப் பார்த்து, இருந்த இடத்திலேயே விட்டுவிட்டுத் திரும்புவது.

ஆகவே புட்டிக்குள் எதையும் இடுமுன், இதைத் திருப்பிக் கொடுக்க முடியுமா என்று ஒருமுறை கேட்டுக்கொள்வோம். விளக்கு அலுத்துப்போகும் நாளில் சோளத்தைக் கோழிக்கு இறைக்கலாம், பஞ்சைத் திரியாக்கலாம், மரச்சுருளை எருக்குழியில் சேர்க்கலாம், மஞ்சாடியை விதைக்கலாம், வளையல் துண்டு அடுத்த புட்டிக்குப் போகும். அம்மோனைட்டைமட்டும், எவ்வளவு மனம் வருந்தி எடுத்துச்சென்றாலும், அது கிடந்த அடுக்கில் கிடந்தபடியே மீண்டும் வைக்க எவராலும் இயலாது. திருப்பிக் கொடுக்க இயலாததை அலங்காரத்துக்கு எடுப்பதில்லை என்ற உறுதி ஒரு வீட்டில் புட்டி விளக்கின் அளவில் தொடங்கினால், ஏரியையும் மலையையும் கல்லையும் பற்றி அந்த வீட்டார் நாளை தீர்மானம் செய்யவேண்டி வரும்போது, அதே உறுதி அவர்களுக்குத் துணைநிற்கும்.